ஏழு நாள் பால்

என் மகளை ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குக் கொண்டுவந்த அன்று அவளுக்கு வயது எழுபத்தோரு நாள். எடை ஒன்றே முக்கால் கிலோ. பிறந்தபோது தொள்ளாயிரம் கிராம்தான் இருந்தாள். ஏழாம் மாதத் தொடக்கத்தில் எனக்கு ரத்தக் கொதிப்பு ஏறி, பள்ளிக்கூடத்தில் இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு முன்னால் கண் இருட்டி விழுந்தேன். அன்று மாலையே அறுவை செய்து இரண்டு பிள்ளைகளை எடுத்தார்கள். முதலில் வந்தவன் பையன். அவன் எங்களோடு வீட்டுக்கு வரவில்லை.

கிளம்பும்போது வார்டு சிஸ்டர் அவளை என் மார்போடு சேர்த்துத் துணியால் தானே கட்டிவிட்டார். எழுபது நாளும் சொன்னதையே மறுபடி சொன்னார். கை கழுவாமல் ஒருவரும் தொடக்கூடாது. இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தரம் பாலாடையில் பால். புகை, தூசி ஆகாது. உதடு நீலமானால் யோசிக்காமல் தூக்கிக்கொண்டு ஓடி வர வேண்டும். என் கணவர் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். துறைமுகத்தில் கன்டெய்னர் டிரெய்லர் ஓட்டுகிறவர் அவர். நாற்பதடிப் பெட்டியைப் பின்னால் இழுத்துக்கொண்டு போகிற மனிதர், அந்தச் சின்னத் துணி மூட்டையைத் தொடப் பயந்து என் பையை மட்டும் தூக்கிக்கொண்டு முன்னால் நடந்தார்.

ஆட்டோவில் நான் உள்பக்கம், அவர் காற்று வருகிற பக்கம். ஒரு துண்டை இரண்டு கையாலும் விரித்துத் திரைபோலப் பிடித்துக்கொண்டிருந்தார்.

"நைனா, கொஞ்சம் மெதுவா போ. கொயந்த எழுவது நாளா உள்ளயே இருந்துச்சி" என்றார் ஓட்டுநரிடம்.

ஓட்டுநர் கண்ணாடியில் பார்த்தார். அதற்கப்புறம் ஹாரனே அடிக்கவில்லை. ராயபுரம் தாண்டியதும் வழக்கம்போல லாரிகள் வரிசை கட்டி நின்றன. ஒரு டிரெய்லர் ஓட்டுநர் என் கணவரை அடையாளம் கண்டு கையைத் தூக்கினார். இவர் துண்டை விடாமல் தலையை மட்டும் அசைத்தார்.

"மொதல் கொயந்தையா அக்கா?" என்று ஓட்டுநர் கேட்டார்.

"ரெண்டாவது" என்றேன்.

துண்டு லேசாகத் தாழ்ந்தது.

"மொதல் இன்னா, பையனா?"

"பையன்."

"வூட்ல கீறானா?"

என் கணவர்தான், "இல்லப்பா, நீ ரோட்ட பாத்து ஓட்டு" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. காலடிப்பேட்டையில் எங்கள் வீட்டு வாசல் வரும் வரைக்கும் துண்டை மறுபடி உயர்த்திப் பிடித்துக்கொண்டே வந்தார்.

பையன் ஐந்தாம் நாள் போய்விட்டான். எனக்குத் தெரிந்தது பன்னிரண்டாம் நாள்.

அறுவை முடிந்த பிறகு எனக்கு ரத்தக் கொதிப்பு இறங்கவே இல்லை. படுக்கையை விட்டு எழவிடவில்லை. பிள்ளைகள் மேல்மாடியில் கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்தார்கள். மூன்றாம் நாள் சிஸ்டர் வந்து, எப்படிப் பாலைப் பிழிந்து எடுக்க வேண்டும் என்று காட்டிக் கொடுத்தார். முதல் தடவை அரை மணி நேரம் போராடிச் சில சொட்டுகள்தான் வந்தன. மூடி போட்ட இரண்டு சின்ன டப்பாக்கள் கொடுத்திருந்தார்கள். பிளாஸ்திரி ஒட்டி ஒன்றில் 'ஒண்ணு' என்றும் இன்னொன்றில் 'ரெண்டு' என்றும் நானே எழுதினேன். வகுப்பில் கரும்பலகையில் எழுதுகிற மாதிரி குண்டு குண்டாக எழுதினேன். ஒண்ணு பையன். ரெண்டு பெண். பையன்தான் இளைத்தவன் என்று சொல்லியிருந்ததால் அவன் டப்பாவில் எப்போதும் கொஞ்சம் கூடுதலாகவே ஊற்றுவேன். பெண்ணிடம் மனத்துக்குள் மன்னிப்புக் கேட்டுக்கொள்வேன்.

என் கணவர் இரண்டு டப்பாவையும் வாங்கிக்கொண்டு மேலே போவார். திரும்பி வந்ததும் கேட்பேன்.

"குடிச்சானா?"

"குடிச்சான்."

"அவ?"

"அவளும்தான். நீ படு."

பாலும் நாளுக்கு நாள் ஏறியது. எட்டாம் நாள் இரண்டு டப்பாவும் பாதிக்கு மேல் நிரம்பியபோது பக்கத்துப் படுக்கைக்காரியிடம் காட்டிப் பெருமைப்பட்டுக்கொண்டேன். உடம்பெல்லாம் வலி, தையல் இழுக்கிறது, தலை கனக்கிறது. ஆனாலும் இரண்டு பிள்ளைக்காரி என்கிற மிதப்பு எனக்கு இருந்தது.

பன்னிரண்டாம் நாள் நடக்கலாம் என்றார்கள். என் கணவர் என்னைப் பிடித்துக்கொண்டு படியேற்றினார். பாதிப் படியில் நின்றார்.

"கொஞ்சம் குந்து" என்றார்.

"மூச்சு வாங்கல. போலாம்."

"குந்துமே. ஒண்ணு சொல்லணும்."

நான் உட்காரவில்லை. கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டேன். "பையனுக்கு இன்னா?"

"அவன் இல்ல. அஞ்சாம் நாளு காலைலயே போய்ட்டான்."

மேலேயிருந்து யாரோ ஒருவர் சாப்பாட்டுக் கூடையோடு இறங்கி வந்தார். நாங்கள் ஒதுங்கி வழிவிட்டோம். அவர் போன பிறகு நான் கேட்டதை நினைத்தால் இப்போதும் எனக்குப் புரியவில்லை. அழவில்லை. எப்படிச் செத்தான் என்று கேட்கவில்லை.

"நேத்து கூட பால் வாங்கிகினு போனியே?"

"போனேன்."

"யாருக்கு?"

"உனக்கு பிரஷர் ஏறிகினே இருந்துச்சி. சொன்னா ஃபிட்ஸ் வந்துடும்னு டாக்டர் சொன்னாங்க. ரெண்டும் போயி நீயும் போய்ட்டா நான் இன்னாமே பண்ணுவேன்?" என்றார். பாலைக் கீழே கொட்டியிருப்பார்கள் என்று நானாகவே முடிவு செய்துகொண்டு, அதற்கப்புறம் கேட்கவில்லை. மேலே போனேன். பெட்டிக்குள் குழாய்களுக்கு நடுவே கிடந்த பெண்ணைப் பார்த்தேன். அவளுக்குப் பக்கத்துப் பெட்டியில் யாருடைய பிள்ளையோ இருந்தது.

அன்றிலிருந்து ஒரு டப்பா மட்டும் எடுத்துப் போனேன்.

வீட்டுக்கு வந்த அன்று அம்மா ராயபுரத்திலிருந்து வந்து எல்லாவற்றையும் துடைத்து வைத்திருந்தாள். ஜன்னல் இடுக்குகளில்கூட ஈரத்துணியைச் செருகியிருந்தாள், ரோட்டுத் தூசி வராமல். வாசலில் ஜெபம் சொல்லி, மந்திரித்த தண்ணீர் தெளித்து உள்ளே விட்டாள். அக்கம்பக்கத்தார் வாசலோடு நின்று எட்டிப் பார்த்தார்கள். எல்லோரும் நல்லவர்கள். எல்லோரும் ஒரே சொல்லைத்தான் சொன்னார்கள். "ஒண்ணாவது நின்னுச்சே, அந்த மட்டும் சந்தோஷப்படு." ஆமாம், ஆமாம் என்றேன்.

குழந்தைக்கு உடை மாற்றுவதற்கு அலமாரியைத் திறந்தேன். ஐந்தாம் மாதத்திலேயே அம்மா பழைய வேட்டித் துணியில் சின்னச் சட்டைகள் தைத்து வைத்திருந்தாள். ஓரத்தில் பாதிக்கு மஞ்சள் நூல், பாதிக்கு நீல நூல். மஞ்சள் மட்டும் மடித்து வைத்திருந்தது.

"நீலம் எங்கம்மா?"

"இருக்கிற புள்ளைய பாரும்மா."

"நீலம் எங்கன்னு கேட்டேன்."

"மாதா கோயில்ல குடுத்துட்டேன். யாராவது ஏழைப் புள்ளைங்க போட்டுக்கும். அத வெச்சிகினு பாத்துகினே குந்தப் போறியா?"

"என்னைக் கேட்டியா?"

"எதுக்கு உன்ன கேக்கணும்? உனக்கு நல்லதுதானே பண்ணேன்."

கத்தினேன். அம்மாவிடம் அப்படி நான் வாழ்க்கையில் கத்தியதில்லை. குழந்தை திடுக்கிட்டு, அழக்கூடத் தெம்பில்லாமல் முகத்தை மட்டும் சுளித்தாள். உடனே வாயை மூடிக்கொண்டேன். உயிரோடு இருக்கிற பிள்ளைக்காகச் செத்த பிள்ளையைப் பற்றி வாய் திறக்கக்கூடாது என்பது அன்றைக்கே அந்த வீட்டில் சட்டமாகிவிட்டது. என் கணவர் ஏற்கெனவே அதைக் கடைப்பிடித்துக்கொண்டிருந்தார். நானும் சேர்ந்துகொண்டேன்.

ஒரு மாதம் அப்படிப் போனது. பகலெல்லாம் அவளை நெஞ்சில் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். மூச்சு விடுகிறாளா என்று கண்ணாடியை மூக்கருகே வைத்துப் பார்ப்பேன். அவள் மெல்ல மெல்லத் தேறினாள். இரண்டு கிலோ தாண்டினாள்.

அப்போது ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசைக்குப் போய்வந்து என் கணவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, ஒரு பெண் படியேறி வந்தாள். தோளில் குழந்தை, கையில் ஒரு ஒயர் கூடை. ஆஸ்பத்திரியில் பார்த்த முகம். திருவொற்றியூர்க் கடற்கரைக் குப்பத்துப் பெண். புருஷன் விசைப்படகில் கடலுக்குப் போகிறவன். என் பிள்ளைகள் பிறந்த அதே வாரத்தில் அவளுக்கும் குறைமாதத்தில் பையன் பிறந்திருந்தான். பால் எடுக்கிற அறையில் எதிரும் புதிருமாக உட்கார்ந்திருக்கிறோம். எங்களுக்கு ஒரு மாதம் முன்னாலேயே அவள் பிள்ளையோடு வீடு போய்விட்டாள்.

"சிஸ்டராண்ட கெஞ்சி அண்ணன் நம்பர் வாங்கினேன் அக்கா. அண்ணன்தான் வழி சொன்னாரு" என்றாள். கூடையிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்தாள். "பால் சுறா. இன்னிக்கு வந்ததுதான், ஐஸ்ல போடாதது. புட்டு பண்ணி சாப்டு, பால் நல்லா ஊறும். எனக்குத்தான் அப்ப ஒரு சொட்டு கூட ஊறல. உன் பால்லதானே எம்புள்ள பொயச்சான்."

"என் பாலா?"

அவள் என்னைப் பார்த்தாள். பிறகு என் கணவரைப் பார்த்தாள். அவர் தட்டைத் தரையில் வைத்துவிட்டார்.

"தெரியாதா அக்கா? ஏழு நாளு. ஒண்ணுன்னு எயுதிருக்கும் பாரு, அந்த டப்பா இவனுக்குத்தான் குடுத்தாங்க. அண்ணன் குடுக்க சொன்னாருன்னு சிஸ்டர் சொன்னாங்க." சொல்லிக்கொண்டே பையனை என்னிடம் நீட்டினாள். "புடி அக்கா. உன்னாண்ட காட்டத்தான் இட்டுகினு வந்தேன்."

பையன் கொழுகொழுவென்று இருந்தான். தொடையில் மடிப்பு விழுந்திருந்தது. ஆளைப் பார்த்துச் சிரிக்கிற வயது அவனுக்கு வந்திருந்தது, சிரித்தான். அந்த மடிப்பு இன்னொருவன் தொடையில் விழ வேண்டியது என்று நினைத்தேன். நினைத்ததை மறைக்க விரும்பவில்லை. என் கை எழவில்லை. அவள் கை நீண்டபடியே இருந்தது. பையன் என் புடவைத் தலைப்பைப் பிடித்தான். அவன் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன்.

வெளியே அவள் குரல் கேட்டது. "நான் தப்பா எதுனா சொல்ட்டனா அண்ணே?"

"இல்லம்மா. அவளுக்கு ஒடம்பு சரியில்ல. நீ போயிட்டு வா."

அவள் செருப்பைப் போடுவதும் படியிறங்குவதும் கேட்டன. கீழே ரோட்டில் அவள் பிள்ளையிடம் ஏதோ கொஞ்சிப் பேசிக்கொண்டு போனதும் கேட்டது.

என் கணவர் கதவைத் தட்டவில்லை. நான்தான் திறந்தேன்.

"எல்லாத்தையும் சொல்லு" என்றேன். "ஒண்ணு விடாம."

கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தார். குழந்தை எங்கள் இருவருக்கும் நடுவே தூங்கிக்கொண்டிருந்தாள். மூன்று மாதத்துக்கு மேலாக உள்ளே வைத்திருந்ததை அன்று மத்தியானம் சொன்னார். குரல் எழும்பாமல், அவளை எழுப்பிவிடாமல் சொன்னார்.

ஐந்தாம் நாள் விடிந்ததும் மேலே கூப்பிட்டார்களாம். பையனுக்கு மூச்சு நின்று நின்று வந்துகொண்டிருந்தது. "நீங்க கிறிஸ்டியன்தானே, ஞானஸ்நானம் குடுக்கறதுன்னா இப்ப குடுத்துடுங்க" என்று சிஸ்டர் சொன்னார். சாமியாரைக் கூப்பிட நேரமில்லை. ஊசி மாட்டாத சிரிஞ்சில் சிஸ்டர் தண்ணீர் எடுத்துக் கொடுக்க, இவர் பெட்டியின் ஓட்டை வழியாகக் கையை விட்டு, நெற்றியில் மூன்று சொட்டு விட்டார்.

"இன்னா பேரு வெச்ச?"

சொன்னார். நான் ஆறாம் மாதத்தில் ஒருநாள் பேருந்தில் போகும்போது, பையன் பிறந்தால் வைக்கலாம் என்று சொன்ன பெயர். அப்போது பழைய காலத்துப் பெயர் என்று அவர் சிரித்தார். அதை இங்கே எழுத மாட்டேன். அவனுடையது என்று எங்களிடம் இருப்பது அந்தப் பெயர் மட்டும்தான்.

பெயர் வைத்து அரை மணி நேரத்தில் போய்விட்டான். கூட வண்டி ஓட்டுகிற நண்பர் பைக் எடுத்து வந்தார். "பின்னால குந்திகினு மடில வெச்சிகினு போனேன்" என்றார் என் கணவர். "துணி சுத்தி குடுத்தாங்க. சோத்துப் பைய விட லேசா இருந்தான். சிக்னல்ல பக்கத்துல நின்னவன் கூட திரும்பி பாக்கல. எனக்கு அவன புடிச்சி ஒதைக்கணும் போல இருந்துச்சி."

கல்லறையில் புதைத்துவிட்டு, குளித்துவிட்டு, மத்தியானம் என்னிடம் வந்து பால் வாங்கியிருக்கிறார். எனக்கு அந்த நாள் நினைவிருந்தது. தலை ஈரமாக வந்தார். "இன்னா இந்நேரத்துல குளிச்ச?" என்று கேட்டேன். "புழுக்கமா கீது" என்றார். பிறகு இரண்டு டப்பாவையும் வாங்கிக்கொண்டு போனார்.

"மேல போனா, இத கொட்டிடவான்னு சிஸ்டர் கேட்டாங்க. நீ அத எடுக்க படற பாடு எனக்குத் தெரியும். பல்ல கடிச்சிகினு எடுப்ப. கொட்ட மனசு வர்ல. அந்த பொண்ணு அங்க பால் இல்லாம அய்துகினு நின்னுச்சி. டாக்டராண்ட கேட்டுகினு குடுங்கன்னு சொல்ட்டேன்." குழந்தையின் போர்வையைச் சரிசெய்தார். "அந்தப் பையன் குடிச்சானான்னு தினம் பாத்துட்டுதான் கீழ வருவேன். அப்பதான் நீ கேக்க சொல்லோ குடிச்சான்னு சொல்ல வாய் வரும்."

எனக்குக் கோபம் வந்தது. இவர் ஏழு நாள் என்னை முட்டாளாக்கினார் என்று வந்தது. இவர் தனியாக அந்த பைக்கில் உட்கார்ந்து போனதை நினைத்தால் கோபத்தைக் கையில் வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று தெரியவில்லை. இரண்டும் ஒரே சமயத்தில் இருந்தன. இப்போதும் இருக்கின்றன.

"அவன எனக்கு காட்டு" என்றேன்.

அடுத்த ஞாயிறு அம்மாவிடம் குழந்தையை விட்டுவிட்டுக் கல்லறைக்குப் போனோம். பெற்ற பிறகு அவளை விட்டு நான் அவ்வளவு தூரம் போனது அதுதான் முதல் முறை. சின்னப் பிள்ளைகளைப் புதைக்கிற இடம் மதில் ஓரமாகத் தனியாக இருந்தது. சுவருக்கு அப்பால் துறைமுகத்துச் சத்தம் விடாமல் கேட்டுக்கொண்டிருந்தது. அவர் நேராக ஓர் இடத்துக்கு நடந்தார். நின்றார். பிறகு கொஞ்சம் இடப்பக்கம் போனார். குனிந்து பார்த்தார். மறுபடி வாசல் வரை போய் அங்கிருந்து அடி அடியாக எண்ணிக்கொண்டு வந்தார்.

"இங்கதான். ஒரு சிமெண்டு கல்லு நட்டுட்டு போனேன்."

கல் இல்லை. இடையில் பெருமழை வந்து போயிருந்தது. மண் அடங்கிச் சமமாகிக் கிடந்தது. சில இடங்களில் புது மண் மேடாக இருந்தது. கல்லறைக் காவலரைக் கூட்டி வந்தார். வயதான மனிதர், எரிச்சல் படாமல் எங்களோடு சுற்றிப் பார்த்தார்.

"மழைல தண்ணி நின்னுச்சிப்பா. அப்பால நாலஞ்சி கொயந்தைங்க வந்துச்சி. பெரியவங்கன்னா பொட்டி இருக்கும், சிலுவை இருக்கும். இதுங்களுக்கு இன்னா இருக்குது, சொல்லு. எங்கனா தோண்டி கல்லு பேந்துருக்கும்" என்றார். பிறகு, "இந்த வரிசைக்குள்ளதான் கீறான். வேற எங்க போயிருப்பான்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

என் கணவர் முழங்கால் போட்டு இரண்டு கையாலும் மண்ணைத் தள்ளிக் கல்லைத் தேட ஆரம்பித்தார். நான் தோளைத் தொட்டேன். நிறுத்தவில்லை. "வுட்டுட்டேன்மே. ஒன் புள்ளய நான் வுட்டுட்டேன். இருந்த எடம் கூட எனக்குத் தெரியல" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். அவர் அழுது நான் பார்த்தது அன்றுதான். பிள்ளைகள் பிறந்த நாளிலிருந்து சேர்த்து வைத்ததையெல்லாம் அழுதார். நானும் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டேன். மெழுகுவத்திகள் வாங்கிப் போயிருந்தோம். எங்கே வைப்பது என்று தெரியாமல் அந்த வரிசை முழுக்க, புது மண்ணிலும் பழைய மண்ணிலுமாக ஒவ்வொன்றாக நட்டேன். கடல் காற்றில் எதுவும் நின்று எரியவில்லை. அவன் பெயரைச் சொல்லி இரண்டு தடவை கூப்பிட்டேன். அவனை அந்தப் பெயரால் நான் கூப்பிட்டது அதுவே முதல் தடவை.

அம்மா போன் செய்தாள். குழந்தை எழுந்துவிட்டாள், பசிக்கு வாயைத் திறக்கிறாள் என்றாள். என் ரவிக்கையின் முன்பக்கம் அப்போதே நனைந்துவிட்டது. எழுந்து வந்தோம்.

இப்போது அவளுக்கு மூன்று வயது முடிகிறது. தாமதமாகத்தான் நடந்தாள். தடித்த கண்ணாடி போட்டிருக்கிறாள். பனிக்காலத்தில் நெஞ்சு கட்டிக்கொண்டு ஒரு வாரமாவது எங்களைப் பயமுறுத்துவாள். வாய் மட்டும் ஓயாது. அம்மா நீலச் சட்டைகளைப் பற்றி ஒருநாள் தானாகவே மன்னிப்புக் கேட்டாள். நானும் கேட்டேன்.

அந்தக் குப்பத்துப் பெண் அதற்கப்புறம் எங்கள் வீட்டுக்கு வரவில்லை. அவள் எந்தத் தெரு என்று என் கணவருக்குத் தெரியும். போகலாமா என்று இரண்டு வருடமாக வருடத்துக்கு ஒரு தரம் கேட்கிறார். போன மாதம் காசிமேட்டில் மீன் வாங்கப் போனபோது தூரத்தில் அவளைப் பார்த்தேன். பக்கத்தில் ஐஸ் பெட்டி மேல் ஒரு பையன் கால் ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அவனாகத்தான் இருக்க வேண்டும். அவர்கள் பக்கம் நாலு எட்டு வைத்தேன். கூட்டத்தில் யாரோ இடித்தார்கள். அதைச் சாக்காக வைத்துக்கொண்டு அடுத்த வரிசையில் திரும்பி, மீன் வாங்காமலேயே வீட்டுக்கு வந்துவிட்டேன்.